டொக்டர் சொன்ன இரண்டு சொல்

அபூதாஹிர் நானாவின் பெண்சாதி ஸல்ஹா மௌத்தாகி, அடக்கி மூன்றாம் நாள். கத்தம் ஓதி ஆட்கள் கலைந்த பிறகும் டொமினிக் கதிரையை விட்டு எழும்பவில்லை. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போவதற்கு முந்திய வருஷம் அது. டொமினிக் அங்கே கிளாக்கர். அதே துறைமுகத்தில் கயிறிழுக்கும் அபூதாஹிர் நானாவை விட்டால் கூட்டாளி என்று சொல்ல அவனுக்கு வேறு ஆளில்லை. ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் வைத்திருந்தான்.

நானாவே கதையைத் தொடங்கினார். பெண்சாதியை நெருப்புக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததையும், உயிர் போனால் கிண்ணியாவில் சொந்த வீட்டில்தான் போகவேண்டும் என்று அவள் கெஞ்சியதையும், வெள்ளைக்கார டொக்டர் தன் தோளில் தட்டிச் சொன்னதையும் சொன்னார்.

"ஷீ வில் புல் த்ரூ எண்டார், தம்பி. புல் எண்டா இழு. நாள் முழுக்க எங்களுக்குக் கத்துற சொல்லுத்தானே. சேடம் இழுக்கத் தொடங்கிட்டெண்டு விளங்கிட்டு. நேர்ஸ் ஏச ஏச, தூக்கித் தோணியில வச்சுக் கொண்டந்தன். அடுத்த நாளே முடிஞ்சிது."

டொமினிக் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். அவள் பிழைத்துக்கொள்வாள் என்றல்லவா டொக்டர் சொல்லியிருக்கிறார்! பாழாய்ப்போன இங்கிலிசு. இழு என்ற சொல்லுக்கு ஒரு வாலை ஒட்டி, கஷ்டத்தைத் தாண்டி மீண்டு வருவதற்குப் பேராக வைத்தவனை என்ன செய்வது? தமிழில் உயிர் போகிறபோதுதான் இழுக்கும்.

"காதுக்குள்ள கலிமா சொல்லிக் குடுத்துத்தான் அனுப்பினனான். அது போதும் எனக்கு. ஆனா மகள் என்னோட கதைக்கிறாளில்லை. உம்மாவை ஏன் கொண்டந்த நீங்க எண்டு கேட்டதோட சரி." நானா அவன் முகத்தைப் பார்த்தார். "நான் சரியாத்தானே விளங்கினனான்?"

இல்லை என்று சொன்னால் இந்த மனுசன் இனிச் சோறு தின்னுவாரா? டொமினிக் வாழ்நாளில் அவருக்குப் பொய் சொன்னதில்லை.

"ஓம் நானா. அதுதான் கருத்து."

நானா பெருமூச்சு விட்டார். உடனே குசினியிலிருந்த மகள் லைலாவைக் கூப்பிட்டு, புல் த்ரூ என்றால் சேடம் இழுக்கிறது, டொமினிக் மாமாவும் அதையேதான் சொல்கிறார், இங்கிலிசு படிக்கிற பிள்ளை நீ, இதைப் பாடமாக்கி வைத்துக்கொள் என்றார். அவள் டொமினிக்கைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

அந்த இரண்டு சொல்லையும் அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, உரக்கச் சொன்னாள். உச்சரிப்புச் சரியாக இருந்தது.