நவமியன்று போன கப்பல்

1

இந்தக் கதை ஒரு நாற்காலியிலிருந்து பிறந்தது. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவருகிறேன். 1967இல், மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில் ஒரு துணிக்கடை மாடியில், இந்துமாக்கடல் தீவுகளை ஒரே ஒன்றியமாக்கக் கிளம்பியவர்கள் தீவுக்கு ஒன்றாகப் போட்ட ஐந்து நாற்காலிகளில் கடைசி நாற்காலி. நான் அப்போது தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வயதாகிவிட்டது, பொய் சொல்லத் தெம்பில்லை. ஆனாலும் கதையில் ஒரு பொய் இருக்கிறது. நீங்கள் கண்டுபிடிக்குமுன் நானே சொல்லிவிடவும் கூடும்.

முதல் தொடக்கம்: “விடுதலையின் வாசலில் நின்ற மொரீஷியஸில், தொலைநோக்கு கொண்ட சிலர்—”

சே, தலையங்கம். அடித்துவிட்டேன். (அடித்தது தெரியட்டும்.)

2

நீலமேகம் மோகா ஊரில் குமாஸ்தா. ஒன்றியம் அவருடைய யோசனை. மொரீஷியஸ், ரெயூனியோன், மடகாஸ்கர், சேஷெல்ஸ், சாகோஸ். ஐந்துக்கும் ஒரே நாணயம், ஒரே தபால்தலை. நடுவில் சுங்கம் கிடையாது. எவ்வளவு சின்னத் தீவானாலும் மாதம் ஒரு கப்பல், சபையில் ஒரு வாக்கு.

சாகோஸை இரண்டு வருஷத்துக்கு முன்பே லண்டனில் வெள்ளைக்காரர்கள் மொரீஷியஸிடமிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். நீலமேகமும் அதைப் பேப்பரில் படித்திருந்தார்.

“கொடிதானே மாறும், வாத்தியாரே? ஜனங்க அங்கதானே இருப்பாங்க?”

நானும் தலையாட்டினேன்.

இவரைப் பைத்தியமாக ஒரு வரைவில் எழுதினேன், மேதையாக இன்னொன்றில். இரண்டும் ஒட்டவில்லை. மனிதர் நல்லவர். கதைக்கு அதுதான் பெரிய தொல்லை.

3

ஊகெட் சாகோஸ்காரி. வயிற்றுக் கட்டியை எடுக்கத் தலைநகர் போர்ட் லூயி ஆஸ்பத்திரிக்கு வந்தவள். குணமாகி, அதே ஊரின் டிராங்கெபார் பகுதியில் நீலமேகம் வீட்டுப் பின்னறையில் ஊர் திரும்பும் கப்பலுக்காகக் காத்திருந்தாள். ஒன்பது வயது மகள் அனி அங்கே தங்கையிடம் இருந்தாள். ஐந்தாவதான சாகோஸ் நாற்காலியில் உட்கார எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

(அவர்கள் பேசியது கிரியோல், தீவுகளின் பிரெஞ்சுக் கலப்பு மொழி. நான் தமிழில் பேசவைக்கிறேன். நான் சொன்ன பொய் இதல்ல.)

“ஒரு கைநாட்டு போதும், மதாம் ஊகெட். உங்க தீவுக்கும் ஆஸ்பத்திரி வரும். இனிமே ஒரு கட்டிக்காக யாரும் கடல் தாண்ட வேணாம்.”

“கப்பல் செவ்வாய்க்கிழமை, மிஸ்யே நீலமேகம்.”

“அப்ப கூட்டத்தைத் திங்கக்கிழமையே வெச்சுடலாம்.”

ஆனால் இங்குள்ள தமிழர்களுக்குத் தமிழ் மறந்தாலும் நாள் பார்ப்பது மறப்பதில்லை. காவடிக்குப் பத்து நாள் விரதமிருக்கிற மனிதர், நாள் பார்க்காமல் நாடுகளைச் சேர்ப்பாரா? கோயில் குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “திங்கள் அஷ்டமி, செவ்வாய் நவமி. புதன் தசமிக்குத் தள்ளுங்கள்” என்றார்.

ஊகெட் மகளுக்கு வாங்கிய சிவப்பு கவுனை மடியில் வைத்திருந்தாள்.

“அடுத்த கப்பல் நிச்சயம் வருமா?”

“வராம என்ன? மூணு மாசத்துல வரும். நான் பொறுப்பு.”

கப்பல் செவ்வாய்க்கிழமை போனது. புதன்கிழமை ஐந்து நாற்காலிகளும் நிறைந்தன. தேங்காய் உடைத்தோம். ஊகெட் ஒன்றிய அறிக்கையின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ரெயூனியோன் நாற்காலியில் இருந்த கப்பல் சமையல்காரர் செர்ஜ் அழுதேவிட்டார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

4

மூன்று மாதம் கழித்து நீலமேகமும் நானும் அவளைக் கப்பல் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனோம்.

சன்னலுக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உங்க தீவை வித்தாச்சு. இனிமே அங்க யாரையும் ஏத்துறதில்ல.”

“என் மக அங்க இருக்கா.”

“வித்தாச்சு, மதாம்.” அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மாட்டை விற்பார்கள், மனையை விற்பார்கள். தீவையா? அதில் ஒரு குழந்தை இருக்கும்போதா? நீலமேகம் பையைத் திறந்து, எங்கள் அறிக்கையைச் சன்னலுக்குள் நீட்டினார். அந்தக் கைநாட்டைக் காட்டி, “பாருங்க, உறுப்பு நாடு” என்றார். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் இத்தனை வருஷம் அவனையே குற்றம் சொல்லி—

5

முடிவு ஒன்று: கப்பல்காரர்கள் மனமிரங்குகிறார்கள். ஊகெட் ஊர் போய்ச் சேர்கிறாள். கவுன் அனிக்கு அளவாக இருக்கிறது. நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் பச்சைப் பொய்.

முடிவு இரண்டு: 1968 மார்ச்சில் மொரீஷியஸின் விடுதலைக் கொடி ஏறுகிறது. ஊரே ஆடிப் பாடுகிறது. டிராங்கெபாரில் ஒரு பின்னறை மட்டும் பூட்டியே கிடக்கிறது, உள்ளே ஊகெட் அந்தக் கவுனை—

[நிறுத்திவிட்டேன். இதற்குமேல் போகுமுன் அந்தப் பொய்யைச் சொல்லியாக வேண்டும்.]

6

குருக்கள் என்று யாருமே இல்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டியது நான். அந்த மாடியில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஊரிலிருந்து வந்த வாத்தியார். நான் சொன்னால் வேதவாக்கு. கப்பல் செவ்வாய்க்கிழமை என்று தெரிந்துதான், தசமிக்குத் தள்ளுங்கள் என்றேன்.

கப்பல் அலுவலகத்துப் படியில் ஊகெட் நின்றாள். அழவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அன்னைக்கு நாள் சரியில்லன்னு சொன்னது யாரு?”

நீலமேகம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“நான்தான், மதாம்” என்றார் அவர்.

நான் வாய் திறக்கவில்லை. அவர் சாகும்வரை ஊகெட் அவரோடு பேசவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும், “வாத்தியாரே, சௌக்கியமா?” என்பாள்.

மூன்றாவது முடிவு உங்களுடையது. அவளை அந்தப் படியில் நிறுத்தியிருக்கிறேன். கையில் கவுன். கேட்டுவிட்டாள். நீலமேகம் வாயெடுக்கப் போகிறார். தயவுசெய்து, அவர் சொல்லுமுன் என்னைப் பேசவையுங்கள். எனக்கு எப்போதும் இந்த இடத்தில்—