முதல் தண்ணீர்

சலவைக் கூடத்தின் பின்வாசலில் வண்டி வந்து நின்றதும் கழுகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். எட்டு மாதம் முடிந்த வயிறு, சட்டென்று எழ விடவில்லை. கழுகு என்பது கூடத்தில் வைத்த பெயர். அழுக்கு மூட்டைகளைப் பிரித்து, கறைக்குத் தகுந்தபடி துணிகளைத் தனித்தனியாகப் போடுவது அவள் வேலை. பத்தடி தள்ளிக் கிடக்கும் துணியில் கடுகளவு கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

இரண்டு ஆஸ்பத்திரிகளின் துணி அங்கே வந்தது. ஒன்று முகப்பெல்லாம் கண்ணாடி பதித்த தனியார் ஆஸ்பத்திரி. மற்றது எள் போட்டால் எள் விழாத அரசு ஆஸ்பத்திரி. அரசு விரிப்புகளின் மூலையில் ஊதா மையில் வட்ட முத்திரை இருக்கும். கண்ணாடிக்காரர்களின் விரிப்புக்கு முத்திரை ஏதும் கிடையாது. அந்த வெள்ளையே போதும், யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள்.

கூடத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள். அதில் கண்ணாடி ஆஸ்பத்திரித் துணி வேகும். அது முதல் தண்ணீர். அதை வடித்துவிடாமல், ஆறிய பிறகு அதிலேயே அரசுத் துணியை முக்குவார்கள். அது இரண்டாம் தண்ணீர். கூடம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

கழுகின் புருஷன் பெயின்டர். கண்ணாடி ஆஸ்பத்திரியின் பிரசவ அறைச் சுவருக்கு வர்ணம் அடித்தவன். அந்த அறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவனை நிறுத்த முடியாது.

"நாலு கோட்டிங் அடிச்சோம். சுவத்துல முகம் பாக்கலாம். ஒரு கட்டில், ஒரே ஒரு பொம்பள. உங்க முதலாளி ஒரு வார்த்தை சொன்னா பீஸைப் பாதியா குறைச்சுக்குவாங்களாம். நீ ஏன் இப்படி அடம் பிடிக்கிற?"

"சுவத்தைப் பாத்துட்டா நான் பெத்துக்கப் போறேன்?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஒரு கட்டில்ல ரெண்டு பேரு படுக்கணும். தெரியும்ல?"

"எனக்குத் தெரியாதா? அந்த விரிப்பைப் பிரிக்கிறதே நான்தான்."

அவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவர்களுடைய முதல் குழந்தை வீட்டருகே இருந்த சின்ன கிளினிக்கில் பிறந்தது. அழவே இல்லை. துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருமே அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. இந்த முறை குழந்தை அழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். எங்கே அழும் என்று யாரைக் கேட்பது?

அவள் துணியைக் கேட்டாள். கண்ணாடி ஆஸ்பத்திரி மூட்டையில் ஆபரேஷன் அறையின் பச்சைத் துணிகளே அதிகம். அரசு மூட்டையோ தினமும் மலை மாதிரி வந்து இறங்கும். ஈரமும் ரத்தமும் பனிக்குடத் தண்ணீரும் ஊறிய விரிப்புகள். ஒவ்வொன்றையும் ஓர் ஆள் பிறந்ததாக எண்ணுவாள். ஒரு திங்கட்கிழமை நாற்பத்து மூன்று. ஒரே நாளில் நாற்பத்து மூன்று பேர் உலகத்துக்குள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு மெய்சிலிர்த்தது. கையுறையோடு அந்தக் குவியலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

அப்படி நின்ற இன்னொரு நாள்தான் அதைக் கண்டாள். அரசு மூட்டைக்குள் முத்திரையில்லாத ஒரு விரிப்பு. முக்கால்வாசி ரத்தம், மிச்ச இடம் பால் வெள்ளை. அதே மாதத்தில் இன்னும் இரண்டு வந்தன. வண்டிக்காரரைப் பிடித்துக் கேட்டாள்.

"அண்ணே, கண்ணாடிக்காரங்க விரிப்பு கவர்மென்ட் மூட்டையில எப்படி வந்துச்சு?"

"அவங்க கை மீறிப்போனா படுத்த விரிப்போட தூக்கி கவர்மென்ட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா. போன வாரம் ஒரு பொண்ணு. நான் மூட்டை ஏத்திட்டிருக்கேன், ஆம்புலன்ஸ் வந்து நிக்குது. பொழைக்காதுன்னுதான் நெனச்சேன். அடுத்த நாள் போறேன், ஆத்தாளும் புள்ளையும் வராந்தாவுல காத்து வாங்குறாங்க!"

அன்று சாயங்காலம் அவள் புருஷனிடம் அதைச் சொன்னாள். அவன் நகக்கண்ணில் இருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டே, "சரி, கவர்மென்ட்டுக்கே போவோம்" என்றான்.

கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையலக்காவிடம் அவள் விஷயத்தைச் சொன்னபோது சலவை மெஷினை ஓட்டும் மெஷின்காரரும் பக்கத்தில் இருந்தார்.

"அங்கயா? ரெண்டாம் தண்ணி விரிப்புலயா பச்சை உடம்போட படுக்கப்போற?" என்றாள் தையலக்கா.

மெஷின்காரர் மேஸ்திரி உட்காரும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்னே ஒன்னு முதல் தண்ணியில போடுறேன். அதுக்கு மேல போட்டா என் சோத்துல மண்ணு விழும்."

அரசு விரிப்புகளில் கிழியாத ஒன்றைத் தையலக்கா பொறுக்கி எடுத்தாள். அடையாளத்துக்கு ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள். அது கொதிநீரில் வெந்து, காய்ந்து, சூடான இஸ்திரியின் கீழே போய் வந்து அலமாரியில் காத்திருந்தது.

அதற்குப் பதினெட்டாம் நாள் காலையில், மூட்டை பிரித்துக்கொண்டிருக்கும்போதே கழுகுக்கு வலி எடுத்தது. வெளுத்த துணிகளோடு வண்டி புறப்படத் தயாராக இருந்தது. தையலக்கா ஓடிப்போய் அந்த விரிப்பை எடுத்து அரசுக் கட்டின் மேல் வைத்துக் கட்டினாள். கழுகை முன்னால் ஏற்றி உட்கார வைத்தார்கள். மூன்று வருடமாகத் துணி வழியாக மட்டுமே அறிந்த இடத்துக்கு, துணியோடு துணியாகப் போய்ச் சேர்ந்தாள்.

பிரசவ அறையில் வரிசையாக எட்டு மேசைகள், கழுகோடு சேர்த்து எட்டிலும் ஆள். நடுவில் ஒரு நர்சம்மா, குட்டையான உருவம், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு மேசையில் பிறக்கும் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டே அடுத்த மேசைக்காரியை அதட்டினாள். அவள் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. தன் வலிக்கு நடுவிலும் கழுகு அவளையே வாயைப் பிளந்து பார்த்தாள். நாற்பத்து மூன்று விரிப்பும் இந்தக் கைகள் வழியாகத்தான் வந்தனவா?

குழந்தை பிறந்தது. அழவில்லை.

அவளுக்கு அந்தப் பழைய துணிச்சுருள் ஞாபகம் வந்தது. நர்சம்மா சுண்டு விரலால் சின்ன வாயைத் துடைத்தாள், குழாயால் உறிஞ்சினாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலில் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். "அழுடா ராசா. வந்துட்டு என்ன யோசனை?" என்றாள்.

அது அழுதது. மற்ற ஏழு மேசைக்காரிகளும் ஒரு நொடி தங்கள் வலியை மறந்து திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. கழுகு இரண்டு கைகளையும் கூப்பினாள். நர்சம்மா அதைக் கவனிக்கக்கூட இல்லை, அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

பிற்பகலில் வார்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர். கூடப் படுக்க வேண்டியவள் ரோடு போடும் வேலைக்காரி, தன் குழந்தையோடு ஓரமாக ஒதுங்கி இடம்விட்டாள். வார்டு ஆயாம்மா புதுக் கட்டை அவிழ்த்தாள். மேலாக இருந்த விரிப்பை உதறியதும் வார்டே வெளிச்சமானது போலிருந்தது. ஆயாம்மா கையை நிறுத்தினாள். நாலு மூலையையும் புரட்டிப் பார்த்தாள். எதிலும் முத்திரை இல்லை. கொதிநீரில் அந்த ஊதா மை நிற்காது என்று கூடத்தில் யாருக்கும் தெரியாது. அரசுத் துணி எதையும் அவர்கள் கொதிக்க வைத்ததே இல்லை.

"மாறி வந்திருக்கு. இது கண்ணாடி ஆஸ்பத்திரியோடது" என்றாள் ஆயாம்மா.

"இல்லக்கா, நம்மளதுதான். நான் அந்தச் சலவைக் கூடத்துலதான் வேலை பாக்குறேன். ஓரத்துல சிவப்பு முடிச்சு இருக்கும், பாருங்க."

"இருக்கு, அது அவங்க வச்ச அடையாளமா இருக்கும். இருபது வருசமா விரிக்கிறேன்மா. இவ்வளவு வெள்ளையா நமக்கு வந்ததே இல்ல. நாளைக்கு அவங்க வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

கழுகும் அந்த வெள்ளையை வைத்துத்தான் அந்த மூன்று விரிப்புகளைக் கண்டுபிடித்தாள்.

ஆயாம்மா அடியிலிருந்து பழுப்பேறிய ஒரு விரிப்பை உருவிக் கட்டிலில் விரித்தாள். மூலையில் ஊதா முத்திரை பளிச்சென்று இருந்தது. குழந்தையை அதன்மேல் கிடத்தினாள். பிறகு அந்த வெள்ளை விரிப்பை ஓரம் பிசகாமல் நான்காக மடித்து, வாசலில் இருந்த முக்காலியைத் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்தாள். தூசி படாமல் இருக்க ஒரு செய்தித்தாளை விரித்து மூடினாள். சாயங்காலம் வண்டி வந்ததும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றாள்.