இரண்டாவது தலையசைப்பு

மூன்று மணி வெயில் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கி ஹெஸ்தரின் சாக்ஸபோன் மேல் கிடந்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் இப்போது யாரும் ஜெபிக்க வராத தேவாலயம். இரண்டு நாளாக இசைத்தட்டுப் பதிவு அங்கேதான். ஒலிநாடாவில் பதினொரு நிமிடம் மிச்சமிருந்தது. வெட்டி ஒட்டுகிற வழக்கம் இந்தக் குழுவுக்குக் கிடையாது. எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிப்பதுதான்.

மிச்சமிருந்தது ஹெஸ்தரின் பாட்டு. குழுவில் சேர்ந்த ஆறு வருடத்தில் அவள் எழுதிய முதல் பாட்டு. இந்த ஒரு தடவையில் அமையாவிட்டால் அந்த இடத்தில் கால்வினின் பழைய பாட்டு ஒன்று ஏறிவிடும். டிரம்பெட் வாசிக்கும் கால்வின்தான் குழுத் தலைவன்.

"உன் பாட்டு, நீதான் தலையாட்டணும்," என்றான். "பஸ் ஓட்டறாப்ல ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னுடாத தாயே."

"நீ ஓட்டினா ஜனம் எறங்கி நடந்தே போயிடும்," என்றாள் லோர்னா, ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பாஸைத் தோளில் சாய்த்துக்கொண்டே. "அவன் கெடக்கான் ஹெஸ்தர். நான் உன் தலையவே பாத்துட்டிருக்கேன்."

ஹெஸ்தர் சிரிக்க முயன்றாள். வாரத்தில் ஐந்து நாள் பஸ்ஸில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஹாலிஃபாக்ஸ் மேட்டில் ஏறுகிறவளுக்கு நான்கு பேர் தன் முகத்தைப் பார்ப்பது தாங்கவில்லை.

இவர்கள் வாசிப்பில் சுரம் எழுதிய காகிதம் இல்லை. எல்லோரும் ஒரே சுரவரிசையில் நிற்பார்கள், எவ்வளவு நேரமானாலும். பாட்டுக்குச் சொந்தக்காரர் ஒருமுறை தலையாட்டினால் மொத்தக் குழுவும் அரைச்சுரம் மேலே ஏறும். கடைசியில் அவர் வாத்தியத்தை இறக்கும்வரை யாரும் அசையக்கூடாது. எட்டாவது சுற்றில் ஒரே ஒரு ஏற்றம் என்றுதான் ஒத்திகையில் பேசியிருந்தார்கள்.

நாடா சுழன்றது. லோர்னாவின் நான்கு சுரங்கள் திரும்பத் திரும்ப வந்தன, நடந்து பழகிய பாதை மாதிரி. பியானோ மெல்லச் சேர்ந்துகொண்டது. ஹெஸ்தர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது சுற்றில் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தாள். அது பிடித்துப்போய், தன்னையறியாமல் தலையாட்டினாள்.

கீழே தரை நகர்ந்தது. குழு ஏறிவிட்டது.

அவள் மட்டும் பழைய சுரத்தில் இருந்தாள். புதிய வரிசையில் அதற்கு இடமே இல்லை. கண்ணாடியில் ஆணி கீறியது போல ஒலித்தது. கண்ணைத் திறந்தாள். கால்வின் டிரம்பெட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். நிறுத்தினால் நாடா போச்சு. சுரத்தை மாற்றினால் அந்தத் தப்பு, தப்பாகவே பதிவாகிவிடும். மூச்சு குறைந்துகொண்டே வந்தது. லோர்னா, தான் சொன்னபடியே, ஹெஸ்தரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெஸ்தர் சுரத்தை விடவில்லை. லோர்னாவை நேராகப் பார்த்து, எல்லோருக்கும் தெரியும்படி, இன்னொரு முறை தலையாட்டினாள்.

லோர்னாவின் புருவம் உயர்ந்தது. விரல்கள் இன்னொரு அரைச்சுரம் ஏறின. பியானோ கூடவே ஏறியது, டிரம்ஸ் வலுத்தது. அநாதையாக நின்ற அந்தச் சுரத்துக்குக் கீழே வீடு வந்து சேர்ந்தது.

"ஆமா!" என்று கால்வின் கத்தியது நாடாவில் பதிந்தது. உடனே அவன் டிரம்பெட்டும் அவளோடு சேர்ந்து எழுந்தது.

அதன்பின் அவள் கண்ணை மூடவே இல்லை.

கடைசி ஒலி ஓய்ந்தும் டிரம்ஸின் சிம்பல் தட்டு மட்டும் மெலிதாக நடுங்கிக்கொண்டிருந்தது. நாடா இன்னும் சுழன்றது. நான்கு பேரும் மூச்சைப் பிடித்தபடி அவளையே பார்த்தார்கள். பார்க்கட்டும். வெயிலில் நீலமும் சிவப்புமாக மின்னிய சாக்ஸபோனை ஹெஸ்தர் இன்னும் இறக்கவில்லை.