யாருக்கு என்று கேட்கக் கூடாது

"ஒரே ஒரு கேள்விதான் மிஸ். அந்தப் பொண்ணு என்ன புத்தகம் படிச்சா? சொல்லிட்டீங்கன்னா டீயக் குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

தலைமை ஆசிரியை டீயைக்கூட வரவழைத்து வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் இந்த அறையில் லைப்ரரி மிஸ்ஸுக்கு டீ வந்தது இதுதான் முதல் முறை. அதனால்தான் விஷயம் பெரியது என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"அவங்கப்பா நம்ம நிர்வாகக் குழுவுல இருக்கார். கல்வி வாரியத்துலயும் இருக்கார். நேத்து கார்ல வரும்போது பின்சீட்ல இருந்து பொண்ணு கேட்டிருக்கா. 'ஜட்ஜ் என்னையும் கேப்பாராப்பா, நான் யார்கூட இருக்கணும்னு?' மனுஷன் வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டாராம். வீட்டுல கோர்ட்டுன்னு ஒரு வார்த்தை யாரும் பேசினதில்லையாம். புருஷன் பொண்டாட்டி சண்டைன்னாலும் ரூம் கதவச் சாத்திட்டுதான் போடுவாங்களாம். அப்ப இந்தப் பேச்சு எங்கிருந்து வந்துச்சு?"

"கதவு வழியாத்தான் வந்திருக்கும் மேடம்."

"கிண்டலா?"

"இல்ல மேடம்."

அவள் நிஜமாகவே கிண்டல் செய்யவில்லை. பிள்ளைகளுக்கு வீட்டு விஷயம் தெரியாது என்று நம்புகிற பெரியவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் மதிய இடைவேளையில் அவளிடம்தான் வருவார்கள். நேராக எதையும் கேட்க மாட்டார்கள். "மிஸ், இந்த மாதிரி ஒரு கதை இருக்கா?" என்பார்கள். கதை என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது.

"கம்ப்யூட்டர்ல பாத்தாச்சு. அவ பேர்ல திமிங்கலம், விண்வெளி, இதான் இருக்கு. ஆனா தினம் மதியம் உங்க ரூம்லதான் உக்காந்திருக்கா."

"யார் என்ன படிச்சாங்கன்னு நாங்க வெளில சொல்றதில்ல மேடம். எங்க சங்கத்து விதி."

"உங்க சங்கமா உங்களுக்குச் சம்பளம் குடுக்குது?" தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இன்னும் தற்காலிகம்தான், ஞாபகம் இருக்கில்ல? வெள்ளிக்கிழமை அவரே வர்றார். சங்கத்தையும் கூட்டிட்டு வாங்க. அது எவ்வளவு பெரிசுன்னு நானும் பாக்கறேன்."

டீ ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

பள்ளி நூலகர் சங்கம் பெரிசு ஒன்றும் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, ஏதாவது ஒரு பள்ளி நூலகத்தில் கூடுவார்கள். டீ, பிஸ்கட், தீர்மானம். கூட்டம் நடக்கும்போதே யாராவது ஒருத்தர் கை தானாகப் போய் அந்த அலமாரியில் இடம் மாறி நிற்கும் புத்தகத்தைச் சரியான இடத்தில் செருகும். அந்த நூலகத்துக்காரர் பார்க்காதது போலவே இருப்பார். மனசுக்குள் வெந்துகொண்டிருப்பார். 'நூலகர்களை நிரந்தரமாக்கு' என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் தீர்மானம். அவளுடைய கணவருக்குச் சங்கம் என்றாலே சிரிப்புதான். "சத்தம் போடக் கூடாதுன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கவங்க எப்படிடி கோஷம் போடுவீங்க? சைகையிலயா?" என்பார்.

ஆனால் அந்தச் சங்கத்துக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒரு பிள்ளை என்ன படித்தது என்பதைப் பிள்ளையின் அனுமதியில்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு பள்ளி நூலகர் இன்னொரு பள்ளியிலிருந்து புத்தகம் கேட்டால் யாருக்கு என்று கேட்கக் கூடாது. இரண்டையும் எழுதியது அவளும் அலமாரி அக்காவும். அலமாரி அக்கா சங்கத் தலைவி. ஊரிலேயே பெரிய பள்ளி நூலகம் அவருடையது. அந்தப் பெயர் வந்தது அதனால் மட்டும் இல்லை. அவரிடம் ஒன்றைச் சொன்னால் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்ட மாதிரி என்று எல்லோரும் நம்பினார்கள். அவளுக்கு இரண்டாவது குழந்தை கலைந்துபோனபோது, கணவருக்கும் முன்னால் அக்காவுக்குத்தான் போன் செய்தாள்.

அந்தப் புத்தகத்தைக் கேட்டதும் அக்காவிடம்தான். அந்த எட்டாம் வகுப்புப் பெண் கேட்ட மாதிரி ஒன்று அவளுடைய அலமாரியில் இல்லை. அப்பா அம்மா பிரியப்போகிற வீட்டுப் பெண்ணின் கதை வேண்டும். அழுகை இருக்கக் கூடாது. அறிவுரை இருந்தால் மூடிவிடுவாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போகிறபோது வாசலில் நின்று அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். "அப்பா கெட்டவரா வர்ற கதை வேணாம் மிஸ்."

ஒரு புத்தகத்தைச் சரியாகப் பொருத்த வேண்டுமென்றால் படிக்கப்போகிறவரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சட்டைக்கு அளவு எடுக்காமல் எப்படித் தைப்பது? அவள் அளவு எடுத்து அக்காவிடம் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னாள். நகத்தைக் கடிப்பாள், திமிங்கலம் பிடிக்கும், அப்பா பெரிய ஆள். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் கேட்பது போலத்தானே? அக்காவும் யாருக்கு என்று கேட்கவில்லை. அலமாரிகளுக்கு நடுவே போய், நீல அட்டை போட்ட ஒல்லிப் புத்தகத்தோடு வந்தார். "ரெண்டு வீட்டுக்கு நடுவுல பஸ்ல போயிட்டு வர்ற பொண்ணு. கடைசில அப்பன் வீடு வேணாம்னு அம்மாகூடப் போயிடுவா. நல்ல முடிவு" என்றார்.

அவள் படிக்காமல் எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டாள். வீட்டில் உட்கார்ந்து படித்து முடித்ததும் சிரிப்பு வந்தது. அக்கா வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்தைப் படிக்கவேயில்லை. அந்தக் கதையில் பெண் யாரோடும் போகவில்லை. தான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் ஓட்டுநரிடம், இன்னொரு சுற்று வரலாமா என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. எட்டாம் வகுப்புப் பெண் அதை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. மதிய வேளைகளில் நூலகத்திலேயே படித்து, நூலகத்திலேயே முடித்தாள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

தலைமை ஆசிரியை அறையிலிருந்து வந்த கையோடு அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அன்னிக்கு நீ சொன்னியே, அந்தப் பொண்ணா?"

"ஆமாக்கா. அவங்கப்பா யாருன்னு தெரியுமா? கல்வி வாரியத்துல இருக்காரே..."

"கல்வி வாரியத்துலயா?" என்று அக்கா திரும்பக் கேட்டார். பிறகு அக்காவின் வழக்கமான குரல் வந்தது. "நீ எதுக்கும் வாயத் தொறக்காத. வெள்ளிக்கிழமை நான் வர்றேன். உன் பக்கத்துல நான் உக்கார்றேன். எவன் என்ன கேக்கறான்னு பாக்கலாம்."

அதன்பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது. கணவர்கூட, "பரவால்லயே, உங்க சங்கத்துக்கும் முதுகெலும்பு இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் முதலில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து அக்காவுக்காக இடம் பிடித்தாள். பஸ்ஸில் இடம் பிடிக்கிற பழக்கம். அக்கா வந்தபோது தனியாக வரவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவோடு பேசிக்கொண்டே வந்தார். வாசலில் பார்த்திருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். அக்கா அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு மேசையின் எதிர்ப்பக்கம் போய், தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே மின்விசிறி நன்றாக வரும் என்பதற்காக இருக்கும் என்றுகூட அவள் ஒரு கணம் எண்ணினாள். நம்பிக்கை வைத்துவிட்ட மனசு, காரணம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சவரம் செய்யாத முகம். தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"ரெண்டு வீட்டுக்கு நடுவுல பஸ்ல போயிட்டு வர்ற பொண்ணு கதை. கடைசில அப்பன் வீடு வேணாம்னு அம்மாகூடப் போயிடறா. இதத்தான் என் பொண்ணுக்குக் குடுத்தீங்களா?"

அந்த முடிவு எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளின் வாயில்தான் இருந்தது. அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா பையின் வாரை நேர்செய்துகொண்டிருந்தார். ஏற்கெனவே நேராக இருந்த வார் அது.

"சங்கத்துல விதின்னு சொல்றது சும்மா ஒரு வழிகாட்டல்தான் சார்," என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். "பெத்தவங்க கேட்டா சொல்லத்தான் வேணும். இவ நல்ல பொண்ணு. ஆர்வக்கோளாறுல பண்ணிட்டா. சங்கத்து சார்புல நான் வருத்தம் தெரிவிச்சுக்கறேன்."

"அப்ப விஷயம் முடிஞ்சுது," என்றார் தலைமை ஆசிரியை. அவருக்கு வகுப்பு இருந்தது.

அப்பா எழுந்துகொள்ளவில்லை. மேசைமேல் கொஞ்சம் சாய்ந்து, லைப்ரரி மிஸ்ஸிடம் மட்டும் கேட்பது போலக் குரலைத் தாழ்த்தினார். "என்னப் பத்தி அவ என்ன சொன்னா? அத மட்டும் சொல்லுங்க."

சொல்ல அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் இந்த மனிதர் இங்கேயே அழுதுவிடுவார். நன்றி சொல்லுவார். அவள் வேலையும் தப்பும், மானமும் தப்பும். நல்ல வாக்கியம்தான். ஆனால் அது அவளுடையதில்லை. வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டு சொன்னவளுடையது.

"அத நீங்க அவகிட்டயே கேக்கணும் சார்," என்றாள்.

அவர் முகம் இறுகிவிட்டது.

வராந்தாவில் அக்கா பின்னாலேயே வேகமாக வந்தார். "நில்லுடி. எம்மேல கோவம்தான, தெரியும். காரணத்த முதல்ல கேளு. நம்ம நிரந்தர ஃபைல் வாரியத்துல அவர் டேபிள்லதான் கெடந்துச்சு. எத்தன வருஷமா மன்றாடறோம்! போய்ப் பாத்தேன். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகத்தோட பேரு. குடுத்தேன். அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டார். தற்காலிகமா இருக்கற அத்தன பேருக்கும் வேலை நிரந்தரம். வாடகை வீட்ல உக்காந்துட்டு, அடுத்த வருஷம் வேலை இருக்குமான்னு தெரியாம அழறவங்க எத்தன பேரு, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"அதுல உன் பேரும் இருக்குடி, பைத்தியக்காரி!"

"அந்தக் குழந்தை பேரு எதுலக்கா இருக்கு?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தலைகுனியவில்லை. அதுதான் அவளை அதிகமாக உறுத்தியது. தப்பு செய்தவர் முகம் இல்லை அது. பிறருக்காகப் பாரம் சுமந்து களைத்தவர் முகம். "நீ இன்னும் சின்னப் புள்ளையாவே இருக்க," என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, ஆட்டோவுக்குக் கைகாட்டினார்.

நூலகத்துக்கு வந்து சேர்வதற்குள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. கைதட்டல், பூங்கொத்து, கேக். ஒருவர் தன் மாமியாரிடம் இனிமேல் தைரியமாகப் பேசலாம் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அழுகிற முகங்களாகப் போட்டு நிரப்பியிருந்தார். எல்லாமே உண்மையான சந்தோஷம். அதில் யாரைக் குறை சொல்ல முடியும்? 'நம்ம அலமாரி அக்கா வாழ்க' என்று ஒரு கோஷம்கூடப் போட்டுவிட்டார்கள். கணவரிடம் காட்டினால் சிரிப்பார் என்று நினைத்தாள். காட்டப்போவதில்லை என்றும் தோன்றியது. அவளுக்கும் வாழ்த்துகள் வந்துகொண்டேயிருந்தன. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மதிய மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் அந்தப் பெண் வந்தாள். இன்று வர மாட்டாள் என்று அவள் ஏறக்குறைய முடிவு செய்திருந்தாள். வந்தவள் நேராக மேசைக்கு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. நகத்தைக் கடிக்கவில்லை, கடிக்க நகம் மிச்சமில்லை.

"அப்பா அந்தப் புத்தகத்தப் பத்திக் கேட்டார் மிஸ்."

"ம்."

"நான் யார்கிட்டயும் சொல்லல. என் ஃபிரெண்டுகிட்டகூட."

"தெரியும்மா."

"நீங்க சொன்னீங்களா?"

நான் இல்லை என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. அலமாரி அக்காவின் பெயரைச் சொல்லலாம். அது இன்னும் உண்மை. ஆனால் இந்தக் குழந்தைக்கு அலமாரி அக்கா யார்? நகம் கடிப்பாள், திமிங்கலம் பிடிக்கும் என்று ஆசை ஆசையாக அளவு சொன்ன வாய் யாருடையது?

"ஒருத்தர்கிட்ட சொன்னேன். உனக்குச் சரியான புத்தகம் கிடைக்கணும்னு. அவங்க வெளில சொல்ல மாட்டாங்கன்னு நம்பினேன். தப்பு என்னுதுதான்."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். பெரியவர்களில் இன்னும் ஒருத்தி என்று கணக்கில் சேர்த்துக்கொண்ட பார்வை அது.

"சரி மிஸ்," என்றாள்.

திரும்பிக் கதவுப் பக்கம் போனாள். கதவில் கை வைத்தாள். வெளியே மைதானத்து இரைச்சல். என்ன நினைத்தாளோ, கையை எடுத்துவிட்டு அலமாரிகளுக்கு நடுவே நடந்தாள். எந்த வரிசை என்று லைப்ரரி மிஸ்ஸுக்குக் காலடியிலேயே தெரிந்தது. ஒரு புத்தகத்தை உருவுகிற ஓசை கேட்டது. மேசைக்குக் கொண்டுவரவில்லை. கடைசி அலமாரிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்து, அட்டையை வயிற்றோடு அழுத்தி மறைத்துக்கொண்டாள். அங்கிருந்து மேசையைப் பார்த்தாள். மேசையிலிருந்து தன்னைப் பார்க்க முடிகிறதா என்று பார்த்தாள்.

முடிந்தது.

லைப்ரரி மிஸ் எழுந்தாள். நாற்காலியை மெதுவாகத் தூக்கி, கால் தரையில் உரசாமல் திருப்பிப் போட்டாள். சுவரைப் பார்த்து, முதுகை நூலகத்துக்குக் காட்டி உட்கார்ந்தாள். வந்து போகிற பிள்ளைகள் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அவள் திரும்பவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பின்னால் ஒரு பக்கம் புரளும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.