கெடுதல் அடைந்தவர் கையெழுத்து

அந்தச் சபையில் பாவம் செய்வது சுலபம், அதைப் பதிவு செய்வதுதான் பெரும்பாடு. சபையை ஆரம்பித்தவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். கடவுளே நேரில் வந்து நின்றிருந்தாலும் மனுவை மூன்று பிரதியில் கேட்டிருப்பார். அவர் வகுத்துவிட்டுப் போன பாரத்தில் நாலு கட்டங்கள்: பாவம் செய்தவர், செய்த பாவம், அதனால் கெடுதல் அடைந்தவர், அடைந்த கெடுதல். கெடுதல் அடைந்தவர் கையெழுத்துப் போட்டால்தான் பாரம் செல்லும். போட்டதிலிருந்து, அதே ஆள் மன்னித்து மறுகையெழுத்துப் போடும்வரை, பாவி சபைக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பாரங்களை அடித்துக் கொடுப்பவள் டைப்பிஸ்டம்மா. கம்ப்யூட்டர் வந்தும் பெயர் மாறவில்லை. புருஷன் இறந்த வருஷத்தில் சபையாகப் பார்த்துக் கொடுத்த வேலை என்பதால் சபையை நடத்தும் மூப்பர்களிடம் அவளுக்கு விசுவாசம் அதிகம். அடித்த பாரங்களைப் பற்றி வெளியே மூச்சு விட்டதில்லை. காண்ட்ராக்டர் மூப்பர் கட்டிய சுவர் பக்கத்து வீட்டுக்காரர் மேல் விழுந்து கால் முறிந்ததற்கும் அவள்தான் பாரம் அடித்தாள். பதினோராம் நாள் மன்னிப்பு வந்துவிட்டது. சுவர் கட்டத் தெரியாதவர் இப்போது மற்றவர்களின் வாழ்க்கையைக் கட்டி எழுப்புகிறார்.

வியாழக்கிழமை மதியம் அவரும், ஹெட்மாஸ்டர் மூப்பரும், பல் டாக்டர் மூப்பரும் ஆபீஸ் அறைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை டைப்பிஸ்டம்மாவின் மகளுக்கு அந்தக் கூடத்தில் கல்யாணம். பத்திரிகையில் அண்ணன் பெயரை அடுத்து இன்னொரு ஆண்பிள்ளையின் பெயரையும் போட்டிருந்தாள் மகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அண்ணனும், லிஃப்ட் மெக்கானிக்கான அந்த ஆளும் ஐந்து வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம். மூப்பர்களுக்கு ஐந்து வருஷமாகவே தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில் மூவரும் கில்லாடிகள். அச்சில் வந்ததும்தான் அது பாவமாகிவிட்டது.

"அடிங்கம்மா," என்றார் ஹெட்மாஸ்டர். "செய்தவர், உங்க மகன். செய்த பாவம், அதை நான் சொல்றேன்."

சொன்னார். சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டைப்பிஸ்டம்மா அடித்தாள். பழகிய கை, யார் பெயரென்று பார்க்காமல் அடித்துவிட்டது. மூன்றாவது கட்டத்தில் நின்றது.

"கெடுதல் அடைந்தவர் யாருங்கய்யா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேதத்தை எல்லாம் கரைத்துக் குடித்தவர்கள், இதை மட்டும் யோசிக்காமல் வந்துவிட்டார்கள்.

"கடவுள்னு போடலாமே?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"கையெழுத்து யாரு வாங்குறது, நீங்க போறீங்களா?" என்றார் காண்ட்ராக்டர்.

"அந்த இன்னொரு பையன்?" என்று இழுத்தார் பல் டாக்டர்.

"அவன் சந்தோஷமால்ல இருக்கான். அதுதானே பிரச்சினையே," என்றார் காண்ட்ராக்டர்.

கட்டாத பெண்டாட்டி, பிறக்காத பிள்ளை, வருங்காலச் சந்ததி என்று தேடித் துருவினார்கள். ஒருவருக்கும் கை இல்லை, கையெழுத்தும் இல்லை. அரை மணி நேரம் அலசியும் அந்தப் பாவத்தால் அடிபட்ட ஒரு ஜீவன் அகப்படவில்லை. வேறு யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெட்கத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்கள் டைப்பிஸ்டம்மாவைப் பார்த்தார்கள்.

"பெத்த வயிறு எரியாதா? நீங்கதாம்மா போடணும்," என்றார் காண்ட்ராக்டர், குரலில் வெண்ணெய் தடவி. "ஒப்புக்குத்தான். சனிக்கிழமை ஒரு நாள் அவன் வராம இருந்தா போதும். ஞாயித்துக்கிழமையே மன்னிச்சுட்டேன்னு போட்டுடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால சபைக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை."

அவள் பேனாவை எடுத்தாள். இதை மறைப்பதற்கில்லை, எடுத்தாள். ஒரு நாள்தானே என்று அவளுக்கும் தோன்றியது. மூன்றாவது கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டு நாலாவதற்கு வந்தாள். அடைந்த கெடுதல்.

மகன் தனக்கு என்ன கெடுதல் செய்தான் என்று யோசித்தாள். அவளுடைய கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்து கூடவே இருந்தான். அந்த மெக்கானிக் பத்து நாள் சொட்டு மருந்து விட்டான். எவ்வளவு தோண்டியும் கெடுதல் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. பதினேழு வயதில் அவன் அடுப்படியில் வந்து நின்று, தான் இப்படித்தான் என்று அவளிடம் மட்டும் சொன்னான். "இது வெளியே தெரிஞ்சா நான் தூக்குல தொங்கிடுவேன்," என்று அவள் சொன்னாள். அதன் பிறகு வீட்டில் அவன் பாடவே இல்லை. அதுவரை வாய் ஓயாமல் பாடிக்கொண்டிருந்த பிள்ளை.

அவள் அந்தப் பாரத்தை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். புதிதாக நாலு பாரம் அடித்தாள். மூப்பர்களுக்குத் தலைக்கு ஒன்று, பாவம்: அவதூறு. நாலாவது அவளுக்கு, பாவம்: அன்று அடுப்படியில் சொன்ன வார்த்தை. நாலிலும் கெடுதல் அடைந்தவர், அவள் மகன். பிறகு அவனுக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரி எதிர்த்தெருவில்தான். யூனிபாரத்தோடு வந்தான். ஹெட்மாஸ்டர் எழுந்து, "இதெல்லாம் செல்லாது!" என்று கத்தினார். "ஏன் செல்லாது? ஆள் இருக்கு, கை இருக்கு," என்றாள் டைப்பிஸ்டம்மா. அவள் அந்த அறையில் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை.

மகன் முதல் மூன்று பாரங்களைப் படித்துச் சிரித்தான். அவற்றை மேஜை மேல் தள்ளிவிட்டான்.

"இவங்க எனக்கு என்னம்மா கெடுதல் செய்ய முடியும்? இவங்க யாரு எனக்கு?"

அவதூறுக்குக்கூட லாயக்கில்லாத மூன்று பேரும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

நாலாவதை எடுத்தான். படித்தான். மறுபடியும் படித்தான். அவன் அதையும் தள்ளிவிடுவான் என்று அவள் காத்திருந்தாள். 'அட விடும்மா, அதெல்லாம் எப்பவோ' என்பான், கட்டிக்கொள்வான், தானும் அழலாம் என்று முந்தானை நுனியைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். தெளிவாக, தேதியோடு.

காண்ட்ராக்டருக்கு உயிர் வந்தது. "அப்போ சனிக்கிழமை நீங்கதாம்மா உள்ளே வரக்கூடாது. சொந்தப் பொண்ணு கல்யாணம்!"

"தெரியும். பாரம் அடிக்கிறவளுக்கே சட்டம் சொல்றீங்களா?"

மகன் வாசல்வரை போய்த் திரும்பினான். அவன் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

"தங்கச்சிக்கு அப்பா ஸ்தானத்துல நான் நிக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

"வாங்கப்பா," என்றாள். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

கேட்காததற்கும் அவனே பதில் சொன்னான். "மறுகையெழுத்துக்குக் கொஞ்சம் டைம் குடும்மா. எனக்குப் பன்னெண்டு வருஷம் ஆயிருக்கு."

அவள் தலையாட்டினாள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.