ஆமென் வரைக்கும் ஒரு காவல்

இனி வருவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சொல்கிறவன் வலது கையை வேதப்புத்தகத்தின் மேலும் இடது கையை வைப்பாற்றுத் தண்ணீரிலும் வைத்துச் சத்தியம் செய்யத் தயார். வைப்பாற்றில் தண்ணீர் இல்லாதது அவன் குற்றமல்ல.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையோரத்துச் சபைக் கோயிலின் பின்கூடத்தில் ஓய்வுநாள் பள்ளி தொடங்கியிருந்தது. ஞானபூரணி டீச்சர் ஆரம்ப ஜெபத்தைப் பாதிவரை கொண்டுபோன சமயத்தில், ஜோபின் என்கிற பயல் எழுந்து நின்று, "டீச்சர், ஸ்வீட்டி இன்னைக்கும் கண்ண மூடல" என்றான்.

டீச்சர் ஜெபத்தை நிறுத்தினாள். "கண்ண மூடியிருந்த உனக்கு அது எப்பிடிலே தெரிஞ்சுச்சு?"

இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்த கூடத்தில் இருபத்தோரு சிரிப்பு எழுந்தது. எந்தச் சிரிப்பு குறைகிறது என்பது டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையின் இருமலையும் தும்மலையும் தனித்தனியாக அறிந்தவள் அவள். வயது நாற்பத்தொன்று. சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை இங்கே கீபோர்டும் அவள்தான், பாடமும் அவள்தான். பாடப் புத்தகத்தை அவள் திறந்து யாரும் பார்த்ததில்லை, ஆதியிலிருந்து அந்தம்வரை மனப்பாடம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிவருவது யார் என்பதில் பிள்ளைகளுக்குள் அடிதடியே நடக்கும். போன மாதம் அதில் ஒருவனுக்குப் பல் விழுந்தது. விழ வேண்டிய பல்தான் என்று அவன் அம்மாவே வந்து சமாதானம் சொன்னாள்.

ஸ்வீட்டி விஷயம் பதினோரு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. அம்மா வினோலியா பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. அப்பா சாம்சுந்தர் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். பதினோரு நாளுக்கு முந்திய புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிள்ளைகள் கண்ணை மூடி ஜெபம் சொன்னார்கள். ஆமென் என்ற சொல்லுக்கும் அந்த வெடிச் சத்தத்துக்கும் நடுவே ஒரு பருக்கை விழக்கூட இடம் இல்லை. தட்டுகள் தரையில் தாமாகவே நகர்ந்தன. அந்தப் பக்கத்தில் சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை, எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். மொட்டை மாடிக்கு ஓடிப் புகை எழும் திசையைப் பார்த்து, அந்தத் திசையில் நம் தெருவில் யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று விரல் மடக்குவார்கள். அன்று ஸ்வீட்டி கண்ணைத் திறந்தபோது புகை அவள் அம்மா வேலை பார்க்கும் பக்கத்தில் நின்றது.

வெடித்தது அடுத்த ஷெட். வினோலியா வாசலோரம் இருந்ததால் உயிரோடு வெளியே விழுந்தாள். இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோயின. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தவளுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. ஞாயிறு தாண்டட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள் டாக்டர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தச் செய்தியானாலும் நேரில் வந்து சொல்வதாகச் சாம்சுந்தர் அக்காவிடம் சொல்லியிருந்தான். அதன்பிறகு அவன் போன் சார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருந்தது.

ஸ்வீட்டி அந்த அத்தை வீட்டில் இருந்தாள். அந்தப் புதன்கிழமையிலிருந்து அவள் கண்ணை மூடவில்லை. ஜெபத்துக்கு மட்டுமல்ல, தூங்கவும் இல்லை. பதினோரு நாள். அத்தை தலையில் எண்ணெய் வைத்தாள், கசகசா அரைத்துப் பாலில் கொடுத்தாள், அந்தப் பாலில் மிச்சத்தைக் குடித்த பூனை சனிக்கிழமைவரை எழவில்லை, பிள்ளை மட்டும் சுவரில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பதினோரு நாளும் அவர்கள் தெருவில் ஒரு கோழிகூடத் திருட்டுப் போகவில்லை. சபைப் போதகர் தேவாசீர்வாதம் ஐயர் வந்து அவள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். ஐயரின் ஜெபம் நீளத்துக்குப் பேர்போனது. ஒரு தடவை அவர் தொடங்கும்போது கோயில் ஜன்னலில் அடைகாத்துக்கொண்டிருந்த புறா, அவர் முடிக்கும்போது பேரன் பேத்தி எடுத்திருந்தது. அப்பேர்ப்பட்ட ஜெபத்தில் அத்தை தூங்கினாள், கட்டிக்கிடந்த ஆடு தூங்கியது, ஐயருக்கே இரண்டு தடவை தலை சரிந்தது. ஸ்வீட்டி அசையவில்லை.

அன்றைய பாடம் படகும் புயலும். ஞானபூரணி அதை எத்தனையோ வருஷமாகச் சொல்கிறாள். அலை எழும்புவதைக் கையாலும் காற்றைத் தொண்டையாலும் காட்டுவாள், பிள்ளைகள் நனைந்தமாதிரி நடுங்குவார்கள். சீஷர்கள் பயந்து கூப்பிடுகிற இடம் வந்ததும் வழக்கம்போல நிறுத்தி, ஏசப்பா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாள். தூங்கிக்கொண்டிருந்தார் என்று கூடம் கத்தியது. அந்தக் கத்தல் அடங்கியபிறகு ஒரு சின்னக் குரல் மட்டும் வந்தது.

"அவரு கண்ண மூடுனாரு. அதான டீச்சர் புயல் வந்துச்சு?"

எந்தப் பாடப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி கிடையாது. டீச்சர் கதையை விட்டுவிட்டு, கடவுள் தூங்குவதே இல்லை, இரவும் பகலும் கண் விழித்து நம்மைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார் என்று அவசரமாகச் சொன்னாள். சொல்லும்போதே தெரிந்தது, கால் வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டோம் என்று.

"அப்ப அன்னைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரா?" என்றாள் ஸ்வீட்டி.

வெளியே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறப்போகும் பெண்கள் பேசிக்கொள்வது கேட்டது. சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பொன்னை நெருப்பில் போட்டுப் புடமிடுகிறமாதிரி கடவுள் நம்மைப் புடமிடுகிறார் என்று ஐயர் பிரசங்கத்தில் சொல்வார். ஞானபூரணியின் நாக்கு நுனிவரை அது வந்தது. நெருப்பு என்ற சொல்லை இந்தப் பிள்ளையிடம் எடுப்பதற்கு முன்னால் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் என்று தோன்றியது. அவளும் சின்ன வயதில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். கட்டிலில் கிடந்து, மேலே ஓட்டுக்கூரையை நோக்கி, கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கேட்டாள். அதற்குப் பதில் வந்ததா என்றால் இன்றுவரை வரவில்லை.

கீபோர்டை விட்டு எழுந்து வந்து, ஸ்வீட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் மேல் வேப்பெண்ணெயும் வேர்வையும் சேர்ந்து வீசியது. கையைத் தொட்டால் கரும்பலகை மாதிரி விறைத்திருந்தது.

"எனக்குத் தெரியலடி" என்றாள். "அவரு அன்னைக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாருன்னு எனக்குத் தெரியல. உனக்குக் கோவம்னா கோவமாவே கேளு. அவரு தாங்குவாரு. நானும் ஒரு காலத்துல கேட்டேன். பதில் சொல்லல. ஆனா எந்திரிச்சும் போகல."

"போகலன்னு எப்பிடித் தெரியும்?"

"நீ எம் பக்கத்துல உக்காந்திருக்க. எனக்குத் தெரியுதுல்ல? அப்பிடித்தான்."

ஸ்வீட்டி அதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தாள். பிறகு, பதினோரு நாளாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "நான் கண்ண மூடுனேன், வெடிச்சிருச்சு. இன்னொருக்கா மூடுனா அம்மா செத்துப்போயிரும்."

மொத்தக் கதையும் இவ்வளவுதான். பிள்ளை ஒற்றை ஆளாக நின்று மதுரைவரைக்கும் காவல் காத்துக்கொண்டிருந்தது. அத்தனை பெரியவர்களும் எண்ணெயும் கசகசாவும் கொண்டுவந்தார்களே தவிர, கொஞ்ச நேரம் அந்தக் காவலை வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

"சரி" என்றாள் டீச்சர். "ஒரு ஆளு முழிச்சிருக்கணும், அம்புட்டுத்தான? ஆமென் வரைக்கும் நான் முழிச்சுப் பாத்துக்கிறேன். நீ மூடு."

"இமைக்கக் கூடாது."

"இமைக்க மாட்டேன்."

ஜோபின் தானாக முன்வந்து பரிசோதனை நடத்தினான். டீச்சரின் முகத்துக்கு நேரே கையை விசிறினான். ஸ்கேல் நுனியைக் கண்ணுக்கு அரை அங்குலம்வரை கொண்டுபோனான். "ஒரு இமைகூட அசையல" என்று கூடத்துக்கு அறிவித்துவிட்டு உட்கார்ந்தான்.

ஸ்வீட்டி டீச்சரின் முகத்தையே பார்த்தாள். "டீச்சர், உங்களால முடியுமா?"

"நீ மூடு. ஒண்ணையும் தாண்ட விட மாட்டேன்."

பிள்ளை டீச்சரின் மடியில் தலையை வைத்தது. ஒரு கண்ணை மூடி, இன்னொன்றை வைத்து ஒரு நிமிஷம் வேவு பார்த்து, பிறகு அதையும் மூடியது. டீச்சர் ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மூன்றாவது வாக்கியத்தில் மடி கனத்தது. குறட்டை கேட்டது. பிள்ளையின் விறைத்த கை விரல் விரலாக இளகியது. ஆமென் சொன்னால் காவல் முடிந்துவிடும் என்பது ஞானபூரணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகையால் அவள் ஆமென் சொல்லவில்லை.

ஆமென் இல்லாத ஜெபம் மத்தியானம்வரை நீண்டது. பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் வெளியேறிப்போய்ச் செய்தியைப் பரப்பினார்கள். அன்று கோயில் மணி அடிக்கவில்லை. தேவாசீர்வாதம் ஐயர் தம் இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில் முதல் தடவையாக நாலு நிமிஷத்தில் ஜெபத்தை முடித்தார். அதையும் கிசுகிசுத்தார். சபையார் பாட்டை வாயசைத்துப் பாடினார்கள். வேனில் போன பெண்கள் கம்பெனியில் விஷயத்தைச் சொல்ல, டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற தெம்பில் அன்றைக்கு ஒருத்திக்கும் கை நடுங்கவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடிக்காமல் போயின. சுற்றுவட்டாரத்தில் அன்று வெயிலில் காயப்போட்டிருந்த சரவெடிகளும் சத்தம் போடக் கூடாது என்பதை மனதில் வாங்கிக்கொண்டன. அந்த லோடு இந்தூருக்குப் போய், தீபாவளிக்கு எத்தனை ஊதுபத்தி வைத்தும் ஒன்றுகூட வெடிக்காமல், நவம்பர் கடைசியில் அப்படியே திரும்பி வந்தது. முதலாளி தங்கச்சாமி அதை இன்னும் வைத்திருக்கிறார்.

மூன்று மணிக்குச் சாத்தூர் பஸ் நின்று கிளம்பிய ஓசை கேட்டது. கோயில் கேட்டின் கொக்கி விலகியது. சரளைக் கல்லில் செருப்புச் சத்தம். சாம்சுந்தரின் நடை ஞானபூரணிக்குத் தெரியும், இடது கால் கொஞ்சம் இழுக்கும். இன்று இரண்டு காலும் இழுத்தன. நல்ல செய்தி கொண்டுவருகிறவன் நடையா, கெட்ட செய்தி கொண்டுவருகிறவன் நடையா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. தொடை மரத்துப்போயிருந்தது. கடவுளிடம் இன்னும் சில வார்த்தைகள் பேசினாள், மரியாதையான வார்த்தைகள் என்று சொல்ல முடியாது. கண்ணை மட்டும் வாசலிலிருந்து எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி லோஷன் வாடை கூடத்துக்குள் வந்து நின்றது.

"எம்புட்டு நேரமாத் தூங்குதா டீச்சர்?"

"காலையிலேருந்து. மெதுவாப் பேசுங்க."

"விடியக்காலம் கஞ்சி கேட்டா" என்றான். யார் என்று சொல்லவில்லை. "ரெண்டு மடக்குக் குடிச்சா. காய்ச்சல் கொஞ்சம் எறங்கியிருக்காம். இன்னும் எம்புட்டோ இருக்கு, தாண்டணும்னு சொல்லுதாக. கெளம்பும்போது அவளும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தா."

எழுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். மஞ்சள் பை கையிலிருந்து நழுவி, ஒரு ஆரஞ்சுப் பழம் உருண்டு போகிற சத்தம் கேட்டது. கூடத்தில் இப்போது இரண்டு குறட்டைகள். ஞானபூரணி மரத்த காலை நீட்டாமல், முதுகை நிமிர்த்தி, கண்களை அகலத் திறந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆமென் இன்னும் பாக்கி இருந்தது.

ஆறு வயதில் வந்த அம்மையில் ஞானபூரணிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஸ்வீட்டிக்கும் தெரியும்.