ஒரு வாளி மணல்

வாளி காலியாக இருந்தது. தையல்காரம்மா அதைக் கவிழ்த்துத் தட்டினாள். நாலு மணல் துகள் உதிர்ந்தது.

"என்னங்க! இதுல இருந்த மணல் எங்க?"

வாசலில் குந்தியிருந்த கணவர் நிமிர்ந்தார். முப்பது வருடமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் கல் பதித்த கொத்தனார். சொந்த வீட்டில் கார் நிறுத்துகிற இடத்துக்கு இப்போதுதான் விமோசனம் பிறந்திருந்தது.

"கல் இடுக்குல பெருக்கி விட்டுட்டேன். நல்ல சன்ன மணல்மா. எங்க புடிச்ச?"

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். கடுகில் பாதிகூட இல்லாத காட்டுப்பூ விதை. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்றுதான் மணலில் கலந்து வைத்திருந்தாள். ரயில் பாதை ஓரம், காலி மனை என்று அலைந்து இரண்டு வருடமாகச் சேர்த்தது. "மண்டபம் வேண்டாம்மா. நம்ம வீட்டுலயே, உன் பூவுக்கு நடுவுல கல்யாணம் பண்ணிக்கறேன்" என்று மகள் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டே வாரம்.

"அதுல விதை இருந்துச்சுங்க. மொத்த விதையும்!"

"மணல் வாளியில யாராவது விதை வெப்பாங்களா?"

"விதை வாளியை யாராவது கல்லு இடுக்குல கொட்டுவாங்களா?"

"ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம்ல?"

"ஒட்டித்தான் வெச்சிருந்தேன். கண்ணாடி போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி அங்கேயே இருந்தது.

பழைய கரண்டியால் இடுக்குகளைச் சுரண்டிப் பார்த்தாள். தூசியும் சிமெண்டுத் துணுக்கும்தான் வந்தன. அன்றிலிருந்து அவரோடு பேச்சு நின்றது. சாப்பாடு தட்டில் வந்து விழுந்தது. தையல் மிஷின் மட்டும் அவரைத் திட்டுவதுபோல் கடகடத்தது.

ஐந்தாவது வாரம் மகள் தயங்கியபடி வந்தாள். "அம்மா, மண்டபம் வேணுமான்னு நாளைக்குள்ள சொல்லச் சொல்றாங்க."

தோட்டம் சொட்டை விழுந்த தலையாக வெறித்தது. "வேணும்னு சொல்லிடு" என்றாள் அவள்.

மறுநாள் காலை வாசலில் சரக் சரக்கென்று சத்தம். கொத்தனார் கரண்டியோடு குந்தியிருந்தார். "பாரு, ரெண்டு மழைக்கே இடுக்கெல்லாம் களை. நான் போட்ட தரைக்கு இது அவமானம்."

கழுத்தில் அளவு டேப்போடு அவள் ஓடி வந்தாள். பல் பல்லாக வெட்டிய குட்டி இலை. அவளுக்குத் தெரியாத இலையா?

"கையை எடுங்க! களை இல்ல அது. உங்க பொண்ணு கல்யாணம்!"

சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். பிடுங்கிப்போட்ட ஏழு செடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, திரும்ப நட்டார். அவள் உள்ளே திரும்பினாள். "ஏய், போன் பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"பண்ணாதே!"

கார் தெருவுக்குப் போனது. குறுக்கே கயிறு ஏறியது. தபால்காரர் ஏழு வாரம் பலகை மேல் நடந்துதான் கடிதம் கொடுத்தார்.

கல்யாணத்தன்று கல்லுக்குக் கல் சிவப்பும் நீலமுமாகப் பூக்கள் கோடாக ஓடின. அவற்றின் நடுவே மகள் நின்றாள். கொத்தனார் சம்பந்தியின் தோளில் கைபோட்டு விளக்கிக்கொண்டிருந்தார். "காட்டுப்பூவுக்குத் தோட்டத்து மண்ணு ஆகாதுங்க. கல் இடுக்குதான் சரி. நானே என் கையால போட்டேன்."

தையல்காரம்மா வாயைத் திறந்தாள். பூவுக்கு நடுவிலிருந்து மகள், "அம்மா, இன்னிக்கு வேண்டாம்" என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வருட விதையை இந்த மனிதர் கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்று யோசித்தாள். தையல் மிஷினுக்கு அடியில் வைத்தால் உண்டு.